திரை முன் களைக்கும் கண்கள்: ஓய்வில் தீருவதும் தீராததும்

வங்கி, காப்புறுதி நிறுவனம், கணக்காய்வு அலுவலகம், பள்ளி, மருத்துவமனை என எங்கு வேலை செய்தாலும் இன்று கணினித் திரையைப் பார்க்காமல் பிழைப்பு இல்லை. காலை எட்டரை மணிக்குத் திரையின் முன் அமர்பவர் மாலை ஐந்தரைக்குத்தான் எழுகிறார். மதிய உணவு நேரத்திலும் கைப்பேசித் திரையையே பார்க்கிறார். வீட்டுக்குப் போனால் தொலைக்காட்சி. படுக்கைக்குப் போனால் மீண்டும் கைப்பேசி. கண் விழித்தது முதல் கண் மூடும் வரை ஏதாவது ஒரு திரை எதிரே இருந்துகொண்டே இருக்கிறது.

இவ்வாறு வாழ்வோர் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கண் எரிகிறது, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, மாலையானால் எழுத்து மங்குகிறது, நெற்றியும் பிடரியும் வலிக்கின்றன, சில வேளைகளில் காரணமில்லாமல் நீர் வடிகிறது. மருத்துவர்கள் இதனைக் கணினிப் பார்வைக் கோளாறு என்று அழைக்கின்றனர்.

இதற்குப் பரிகாரம் தேடும்போது மக்கள் இரண்டு விதமாகத் தவறி விடுகின்றனர். ஒரு சாரார் விளம்பரத்தைப் பார்த்துத் தேவையில்லாத பொருள்களை வாங்குகின்றனர். மற்றொரு சாரார், "எல்லாம் கம்ப்யூட்டர் பார்ப்பதால்தான்" என்று தாங்களாகவே முடிவு செய்து, உள்ளே இருக்கும் உண்மையான நோயைக் கவனிக்காமல் விட்டு விடுகின்றனர். முதல் தவற்றில் பணம் நட்டம். இரண்டாவதில் பார்வையே நட்டமாகலாம். ஆகவே, ஓய்வில் தீரும் களைப்பு எது, ஓய்வில் தீராத கோளாறு எது என்பதைப் பிரித்தறிவது மிகவும் அவசியமாகிறது.

களைப்பு எங்கிருந்து வருகிறது?

திரையிலிருந்து ஏதோ ஒரு கதிர் பாய்ந்து கண்ணைக் கெடுக்கிறது என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் வெயிலில் நிற்கும் ஒருவரின் கண்ணுக்குள் புகும் ஒளியோடு ஒப்பிட்டால் கணினித் திரையின் ஒளி மிகவும் குறைவு. களைப்புக்கு வேறு இரண்டு காரணங்கள் முக்கியமானவை.

முதற்காரணம் தசை. கண்ணுக்குள் இருக்கும் வில்லையைச் சுற்றி ஒரு சிறிய தசை வளையம் உள்ளது. தூரத்தில் உள்ளதைப் பார்க்கும்போது அது தளர்ந்திருக்கும். அருகில் உள்ளதைப் பார்க்கும்போது அது சுருங்கி, வில்லையைத் தடிக்கச் செய்கிறது. கூடவே இரண்டு கண்களையும் மூக்குப் பக்கமாகத் திருப்பும் வெளித்தசைகளும் இயங்க வேண்டியுள்ளது. பாசார் மாலாமில் வாங்கிய காய்கறிப் பையை மடக்கிய கையில் அரை மணி நேரம் தூக்கி நின்றால் கை கடுக்கும். பை பெரிய கனமில்லை; இறக்கி வைக்காததுதான் கடுப்புக்குக் காரணம். திரையை மணிக்கணக்கில் பார்க்கும் கண்ணின் நிலையும் இதுவே.

இரண்டாவது காரணம் இமை. மனிதன் சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை கண் சிமிட்டுகிறான். திரையில் ஊன்றிப் பார்க்கும்போது இந்த எண்ணிக்கை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்து விடுகிறது. சிமிட்டும்போதும் மேல் இமை முழுமையாகக் கீழே இறங்குவதில்லை. கண்ணின் மேற்பரப்பில் இருக்கும் கண்ணீர்ப் படலம் நீரோடு எண்ணெயும் சளியும் சேர்ந்தது. அந்த எண்ணெயை இமை ஓரத்துச் சுரப்பிகள் கொடுக்கின்றன. ஒவ்வொரு முழுச் சிமிட்டலும் அந்தப் படலத்தைப் புதிதாகப் பூசுகிறது. சிமிட்டல் குறைந்தால் படலம் ஆங்காங்கே உடைந்து கண் காய்கிறது. குளிர்சாதன அறையின் உலர்ந்த காற்று அதை மேலும் விரைவுபடுத்துகிறது. காய்ந்த கண் எரிச்சல் தாளாமல் திடீரென நீரைச் சுரக்கும். கண்ணில் நீர் வடியும்போதும் கண் வறண்டிருக்கிறது என்று மருத்துவர் சொல்வது இதனால்தான்.

பழைய தொழில்கள் காட்டும் பாடம்

இந்தத் தொல்லை கணினியோடு பிறந்ததன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நுண்ணிய பொருள்களைச் செய்வோரின் பார்வை தளர்வதை அதில் குறிப்பிட்ட அவர், அவ்வப்போது வேலையைக் கீழே வைத்து விட்டுக் கண்ணை வேறு பொருள்களின் மீது திருப்ப வேண்டும் என்று அன்றே அறிவுறுத்தினார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த அறிவுரை பழையதாகி விடவில்லை.

மலேசியத் தமிழர்கள் தங்கள் சொந்த வரலாற்றிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள் ஒரு காலையில் 400, 500 மரங்களைச் சீவினர். உளி பட்டையில் ஓடும்போது பார்வை ஒரு முழ தூரத்தில் நிலைத்திருக்கும். அந்த மரத்தை முடித்ததும் அடுத்த மரத்துக்கு நடந்தாக வேண்டும். பார்வை நிரை நெடுகிலும் போகும். அருகே ஒரு பார்வை, தூரத்தே ஒரு பார்வை என அந்த வேலையின் அமைப்பே கண்ணுக்கு ஓய்வைக் கொடுத்தது. தோட்ட வாழ்வில் துன்பங்கள் ஏராளம், அதில் ஐயமில்லை. ஆனால் அவர்களின் பேரப் பிள்ளைகள் செய்யும் அலுவலக வேலையில் அடுத்த மரம் என்று ஒன்று இல்லை. ஓய்வை அவர்களே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இடைவேளையும் சிமிட்டலும்

கண் மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் எளிய வழி "இருபது, இருபது, இருபது" எனப்படுவது. இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை, இருபது விநாடிகளுக்குப் பார்க்க வேண்டும். இருபது அடி என்பது ஏறக்குறைய ஆறு மீட்டர். அந்தத் தூரத்தைப் பார்க்கும்போது கண்ணின் உள்தசை கிட்டத்தட்ட முழுமையாகத் தளர்கிறது. சன்னலுக்கு வெளியே தெரியும் மரம், எதிர்க் கட்டடம், நீண்ட நடைபாதையின் கோடி என எதுவானாலும் போதும். இருபது என்ற எண்ணில் மந்திரம் ஒன்றுமில்லை. மறக்காமல் இருப்பதற்காக அமைந்த எண் அது.

நீண்ட ஓய்வு ஒன்றை விடக் குறுகிய ஓய்வுகள் பல நல்லவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் ஓய்வெடுப்பதைக் காட்டிலும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 நிமிடம் திரையை விட்டு விலகுவது மேல் என்று பிரிட்டனின் வேலையிடப் பாதுகாப்பு நிர்வாகம் பரிந்துரைக்கிறது. விலகுவது என்றால் வேலையே செய்யாமல் இருப்பது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. கோப்பு அடுக்குவது, தொலைபேசியில் பேசுவது, பக்கத்துப் பிரிவுக்கு நேரில் சென்று கேட்டு வருவது ஆகியவற்றை அந்த நேரத்துக்கு ஒதுக்கலாம். தேநீர் இடைவேளையில் கைப்பேசியை எடுத்தால் கண்ணைப் பொறுத்தவரை அது இடைவேளையே ஆகாது.

சிமிட்டலையும் பழக்கப்படுத்த வேண்டும். ஒரு பக்கத்தை முடித்து அடுத்த பக்கத்துக்குப் போகும்போது இரண்டு மூன்று முறை கண்ணை மெதுவாக, முழுமையாக மூடித் திறப்பது பலருக்குக் கைகொடுக்கிறது. காண்டாக்ட் லென்ஸ் அணிவோருக்கு வறட்சி கூடுதலாக இருக்கும். வேலை நாள்களில் சில மணி நேரமாவது மூக்குக்கண்ணாடிக்கு மாறுவது அவர்களுக்கு நன்று.

மேசையைச் சரிசெய்தல்

திரை கண்ணிலிருந்து ஒரு கை நீள தூரத்தில், அதாவது 50 முதல் 70 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருப்பது முறை. அப்போது பார்வை இலேசாகக் கீழ்நோக்கி விழும். இமை பாதி இறங்கியிருக்கும். கண் காய்வது குறையும். திரையை உயரத்தில் வைத்து அண்ணாந்து பார்ப்போருக்குக் கண்ணும் எரியும், கழுத்தும் வலிக்கும். மடிக்கணினியை மட்டும் வைத்து நாள் முழுவதும் வேலை செய்வோர், அதன் அடியில் சில புத்தகங்களை வைத்து உயர்த்தித் தனி விசைப்பலகையைப் பயன்படுத்தலாம்.

சன்னல் திரைக்குப் பின்னாலும் வேண்டாம், அமர்ந்திருப்பவரின் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். திரையின் வெளிச்சம் பக்கத்தில் இருக்கும் வெள்ளைத் தாளின் வெளிச்சத்தோடு ஒத்திருக்க வேண்டும். தாளை விடத் திரை விளக்குப்போல் ஒளிர்ந்தால் குறைக்க வேண்டும். மங்கித் தெரிந்தால் கூட்ட வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கினால் திரையை நோக்கிக் குனிய வேண்டியிராது. குளிர்சாதனக் காற்றோ மின்விசிறிக் காற்றோ நேராக முகத்தில் அடித்தால் அதன் திசையை மாற்ற வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு சென்னும் செலவில்லை.

கண்ணாடியும் சொட்டு மருந்தும்

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று கூடுதல் விலையில் விற்கப்படுவது கண் களைப்பைப் போக்குமா? 2023 ஆகஸ்டில் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 17 பரிசோதனைகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிடும்போது, குறுகிய காலத்தில் கண் களைப்பைக் குறைப்பதில் அவற்றால் தனிப் பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு.

சரியான எண் உள்ள கண்ணாடியோ உண்மையிலேயே பலன் தரும். சிறிய பார்வைக் குறைபாடு வெளியில் நடமாடும்போது தெரியாமல் இருக்கும். எட்டு மணி நேரம் திரையைப் பார்க்கும்போது தலைவலியாக வெளிப்படும். நாற்பது வயதை ஒட்டி வில்லையின் நெகிழ்வு குறைந்து, அருகில் உள்ளது மங்கத் தொடங்குவது எல்லாருக்கும் இயல்பு. தூரத்துக்கும் அருகுக்கும் ஒரே கண்ணாடி அணிவோர், திரையைப் படிக்கத் தாடையைத் தூக்குவதைப் பார்க்கலாம். அத்தகையோர் தங்கள் திரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அளந்துகொண்டு போய்ச் சொன்னால், கண் பரிசோதகர் அந்தத் தூரத்துக்கென்றே கண்ணாடி எழுதிக் கொடுப்பார்.

சொட்டு மருந்தில் கவனம் தேவை. செயற்கைக் கண்ணீர் வறட்சிக்கு உதவும். சிவப்பை நீக்கும் சொட்டு மருந்து இரத்த நாளங்களைச் சுருக்கி வெளித்தோற்றத்தை மட்டும் மாற்றுகிறது. தொடர்ந்து விட்டால் சிவப்பு முன்னை விட அதிகமாகத் திரும்பி வரும். ஸ்டீராய்டு கலந்த மருந்தை மருத்துவர் சொல்லாமல் நீண்ட நாள் விட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் உண்டாகலாம். தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பால் போன்றவற்றைக் கண்ணில் விடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. கிருமித் தொற்றுக்கு வழி வகுக்கும் அப்பழக்கத்தைக் கைவிடுவதே நல்லது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, மூடிய இமையின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்தால் இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் இளகும். இது பாதுகாப்பான கைவைத்தியம்.

பிள்ளைகளின் நிலை

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது வகுப்பறையே திரைக்குள் சென்றது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய வீடுகளும் உண்டு. பள்ளிகள் திறந்த பின்னரும் அந்தப் பழக்கம் பல வீடுகளில் நீங்கவில்லை. ஒரு வாய் சோறு ஊட்டவே கைப்பேசியைக் காட்ட வேண்டியிருக்கிறது என்று தாய்மார்கள் சொல்கின்றனர்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை களைப்பை விடக் கிட்டப்பார்வையே பெரிய கவலை. வளரும் வயதில் கண் விழி நீளமாகி விட்டால், அது பின்னர் சுருங்குவதில்லை. எண் மிகவும் கூடினால் பிற்காலத்தில் விழித்திரை விலகல் போன்ற ஆபத்துகளும் கூடுகின்றன. இதைத் தடுப்பதில் வெளிப்புற வெளிச்சத்துக்குப் பெரும் பங்குண்டு. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்பு மாணவர்களுக்குப் பள்ளியில் நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளிப்புற வகுப்பு நடத்திப் பார்த்தனர். மூன்று ஆண்டுகளில், வழக்கம்போல் பயின்றவர்களில் 39.5 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியில் சென்றவர்களில் அது 30.4 விழுக்காடாக இருந்தது. இந்த முடிவு 2015-இல் வெளியானது. தைவானோ 2010-ஆம் ஆண்டு முதலே மாணவர்கள் நாளுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்க ஊக்குவித்து வருகிறது.

மலேசிய வெயிலில் பிள்ளையை எப்படி நிறுத்துவது என்று பெற்றோர் தயங்க வேண்டாம். மர நிழலில் கிடைக்கும் வெளிச்சம்கூட வீட்டுக்குள் எரியும் விளக்கை விடப் பல மடங்கு அதிகம். காலையிலும் மாலையிலும் திடலில் விளையாடினாலே போதுமானது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. பிள்ளைகள் கண் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது அரிது. கண்ணை அடிக்கடி கசக்குவது, இடுக்கிப் பார்ப்பது, தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் உட்காருவது, கரும்பலகை தெரியவில்லை என்பது ஆகியவை பெற்றோர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

முதலாளியின் பங்கு

தொழிலாளி மட்டும் மாறினால் போதாது. எழுந்து நடப்பவரைச் சோம்பேறி என்று மேலதிகாரி கருதும் அலுவலகத்தில் எந்த அறிவுரையும் பலிக்காது. மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை, கணினித் திரையில் பணிபுரிவோருக்கென 2003-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டி வெளியிட்டது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் தேதி தொடங்கி, சில விலக்குகள் தவிர, நாட்டின் எல்லா வேலையிடங்களையும் உள்ளடக்குகிறது. ஆகவே திரையின் உயரம், விளக்கு, இடைவேளை பற்றிப் பேசுவது சலுகை கேட்பதாகாது. பணியாளர் தனியாகக் கேட்கத் தயங்கினால் தொழிற்சங்கத்தின் வழியாகவோ நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு வழியாகவோ கேட்கலாம்.

ஓய்வில் தீராதது

இனி மிக முக்கியமான செய்திக்கு வரலாம். திரையால் வரும் களைப்பு ஓய்வெடுத்தால் குறையும். இரவு நன்றாகத் தூங்கி எழுந்தால் காலையில் கண் தெளிவாக இருக்கும். வார விடுமுறையில் தொல்லை மறையும். அவ்வாறு குறையாத மங்கலுக்குத் திரையைக் குற்றம் சாட்டி நாளைக் கடத்தக் கூடாது.

இது மலேசிய இந்தியர்களுக்குக் கூடுதல் அழுத்தத்தோடு சொல்லப்பட வேண்டியது. தேசியச் சுகாதார ஆய்வின்படி 2019-இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும், 2023-இல் 15.6 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். அதை விடக் கவலை தருவது, 2023-இல் நீரிழிவு கண்டறியப்பட்டவர்களில் ஐவரில் இருவர் தங்களுக்கு அது இருப்பதையே அறியாதிருந்தனர் என்பது.

இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது கண்ணின் வில்லை நீர் கோத்துத் தன் எண்ணை மாற்றிக்கொள்கிறது. ஒரு வாரம் மங்கல், மறு வாரம் தெளிவு என மாறி மாறி வருபவருக்கும், சில மாதங்களுக்குள் கண்ணாடி எண் மாறிக்கொண்டே இருப்பவருக்கும் முதலில் வேண்டியது இரத்தப் பரிசோதனை. நீரிழிவு விழித்திரையின் நுண்ணிய நாளங்களைத் தாக்கும்போது தொடக்கத்தில் வலி இருக்காது; பார்வையும் குறையாது. பார்வை குறையும் நேரத்தில் சேதம் பெரிதாகியிருக்கும். உரிய காலத்தில் கண்டால் லேசர் சிகிச்சையாலும் ஊசி மருந்தாலும் பார்வையைக் காக்க முடியும். ஆகவே நீரிழிவு உள்ளவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். விழித்திரையைப் படமெடுக்கும் கருவி பல அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் இருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்தால், நாற்பது வயதைத் தாண்டியவர்கள் அதற்கும் சோதித்துக்கொள்வது நல்லது. அதுவும் ஓசையின்றி வரும் நோய்.

சில அறிகுறிகளுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. திடீரென ஒரு கண்ணில் பார்வை போவது, மின்னல்போல் ஒளி தெறித்துக் கரும்புள்ளிகள் பெருகுவது, திரைச்சீலை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைவது, கண் சிவந்து கடும் வலியோடு வாந்தி வருவது, ஒன்று இரண்டாகத் தெரிவது ஆகியவை நேர்ந்தால் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

நாளை காலை அலுவலகம் செல்பவர் முதலில் திரையின் உயரத்தைச் சரி செய்யட்டும். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு மரத்தையோ கட்டடத்தையோ தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். இரண்டு வாரம் இடைவேளையும் சிமிட்டலும் தவறாமல் கடைப்பிடித்துப் பார்க்கட்டும். எரிச்சல் தணிந்தால் மகிழ்ச்சி. அந்தப் பழக்கத்தை விடாமல் தொடரலாம். தணியாவிட்டால் வேறொரு சொட்டு மருந்து வாங்கக் கடைக்குப் போவதற்கு முன், சர்க்கரை அளவையும் கண்ணையும் பரிசோதித்துக்கொள்ளட்டும். வீட்டில் இருக்கும் தாய் தந்தையரையும் உடன் அழைத்துச் சென்றால் ஒரே நாளில் மூவரின் கண்ணுக்கும் காவல் கிடைக்கும்.